வண்டிக்குக் கொடுத்த ஓய்வு

மாடும் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டி என்றால் இன்றைக்கு எவனும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கோப்பிக் காலத்தில், அதுவும் செடிக்கு இலைநோய் வந்து கண்டிப் பக்கத்துப் பன்வில மலையெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த வருஷங்களில், அப்படி ஒன்று தோட்டத்துக்குள் வந்தால் என்ன ஆகும்? தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதைக் கோப்பி ஸ்டோருக்குள் கொண்டுவந்து இறக்கிய அன்று பாதிச் சனம் கும்பிட்டது, மீதிச் சனம் ஓட்டம் பிடித்தது.

மூன்று சக்கரம், ஒரே ஓர் ஆசனம். ஆசனத்துக்கு அடியில் ஈயத் தகடும் திராவகமும் நிரப்பிய சாடிகள். வண்டியின் உயிர் அந்தச் சாடிகளில்தான் இருந்தது. கோப்பிப் பழம் உரிக்கும் மெசினைச் சுற்றுகிற தண்ணீர்ச் சக்கரத்தோடு துரை இன்னொரு மெசினையும் பூட்டி, அதிலிருந்து இரண்டு கம்பியை இழுத்துச் சாடிகளில் சேர்த்திருந்தார். சக்கரம் சுற்றச் சுற்றச் சாடியில் மின்சாரம் ஏறும். பிரான்சு தேசத்தில் இப்படி ஒரு வண்டி தெருவில் ஓடிவிட்டதாம். கண்டியில் ஏன் ஓடக்கூடாது என்று துரைக்கு ஒரே பிடிவாதம். கோப்பி கைவிட்ட மனுசன், பாவம், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரிய கங்காணி செல்லச்சாமிக்கு வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் வேட்டியை விடச் சுத்தமாக அதைத் துடைத்து வைத்தார். சக்கரத்துக்குத் தண்ணீர் விடுகிற மதகில் அவருடைய ஆள் மூக்கையா இருந்தான். சொன்னதைச் செய்வான், எதிர்த்துப் பேச மாட்டான்.

கண்டி வாவியைச் சுற்றி வண்டியை ஓட்டிக் காட்ட நாள் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னால் துரை தன் உடைந்த தமிழில் கண்டிப்பாகச் சொன்னார்: "நாளைக்கு எல்லா நேரமும் சக்கரம் சுத்தணும். நிப்பாட்டக் கூடாது." சொல்லிவிட்டுக் குதிரையேறிக் கண்டிக்குப் போய்விட்டார். அவர் சொன்ன அந்த நாள் ஆயுத பூசை.

காலையில் மூக்கையா மதகடியில் நின்று கேட்டான். "கங்காணி, இன்னைக்குப் பூசையாச்சே. தண்ணிய விடவா, அடைக்கவா?"

செல்லச்சாமி யோசித்தார். மண்வெட்டியைக்கூடத் தொடாத நாள். தூரப் பயணம் போகிற மாட்டுக்கே முதல் நாள் நுகத்தடி வைக்க மாட்டோம், இந்த வண்டியை மட்டும் கம்பி மாட்டிக் கசக்கினால் எப்படி என்று அவருக்குத் தோன்றியது. "அடச்சிரு. நாளைக்கு ஓடப்போற வண்டி, இன்னைக்கு ஒரு நாள் சும்மா கெடக்கட்டும்."

"தொரை நிப்பாட்டக் கூடாதுன்னாரே."

"தொரைக்குப் பூசையப் பத்தி என்ன தெரியும்? நா பாத்துக்கிறேன், நீ அடை."

சக்கரம் நின்றது. வண்டிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். நன்றாக ஓய்வெடு சாமி என்று செல்லச்சாமி அதன் காதில், அதாவது காது இருக்கும் என்று அவர் நினைத்த இடத்தில், சொல்லவும் செய்தார்.

மறுநாள் அதை மாட்டு வண்டியில் ஏற்றி, மூக்கையாவையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனார்கள். வாவிக் கரையில் துரைமாரும் துரைசாணிமாரும், கடைத்தெரு வியாபாரிகளும் கூடியிருந்தார்கள். துரை ஏறி உட்கார்ந்து பிடியைத் திருப்பினார். வண்டி ஓடியது. நிஜமாகவே ஓடியது. பின்னாலேயே ஓடிய செல்லச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வாவியில் கால்வாசிகூடச் சுற்றியிருக்காது, வண்டி முனகியது, தள்ளாடியது, நின்றுவிட்டது. யாரோ ஒரு மாட்டைக் கொண்டுவந்து முன்னால் பூட்டச் சொன்னார்கள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

துரையின் முகம் கோப்பிப் பழமாய்ச் சிவந்துபோனது. "நேத்து சக்கரம் சுத்திச்சா?"

நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்ற ஒரு வார்த்தை செல்லச்சாமியின் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்தது வேறு. "மதகு மூக்கையா பொறுப்புங்க, தொரை."

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு கேவலம்.

"நீயா தண்ணி அடைச்சது?" என்று துரை மூக்கையாவிடம் கேட்டார். மூக்கையா கங்காணியைப் பார்த்தான். கங்காணி வாவியைப் பார்த்தார்.

"ஆமாங்க தொரை, நாந்தான் அடச்சேன்."

"பேர் வெட்டு. குடும்பத்தோட வெளியே போ."

கோப்பி செத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டுப்பட்டவனை வேறெந்தத் தோட்டமும் சேர்த்துக்கொள்ளாது. இந்தியாவுக்குத் தோணியேற மாத்தளை வழியாக மன்னார் வரைக்கும் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். காய்ச்சலில் விழுந்தவர்களை அந்தப் பாதையோரத்திலேயே போட்டுவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். மூக்கையாவின் பெண்சாதி வேலாயிக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை.

செல்லச்சாமி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கேட்ட மனைவி ரத்தினம்மா ஏசவில்லை. "தொரை பங்களாவுக்குப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள். கோட்டை எடுத்து மாட்டினார். தலைப்பாகையைக் கட்டினார். கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சொன்னால் தன் பேரும் வெட்டுப்படும், நேற்றுவரை கைகட்டி நின்ற சனம் நாளைக்குத் தன்னைப் பார்த்துச் சிரிக்கும். சே, இதுவும் ஒரு மனுசப் பிறவியா என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடியபோது, லயத்து வீட்டு வரிசையில் மூக்கையாவின் காம்பரா காலியாகக் கிடந்தது. செல்லச்சாமி மாத்தளைப் பாதையில் ஓட்டமும் நடையுமாய்ப் போய், மூச்சிரைக்க அவர்களைப் பிடித்துவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூக்கையா, தப்பு என்னோடது. நாந்தான் அடைக்கச் சொன்னேன். ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல."

வேலாயி புருசனைப் பார்த்தாள். மூக்கையா மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை.

"இத எங்கிட்ட எதுக்குங்க கங்காணி சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

அவர்கள் நடந்தார்கள். வளைவு தாண்டி மறையும்வரை செல்லச்சாமி அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்தார். பங்களாவுக்கு ஏறுகிற பாதையும் லயத்துக்கு இறங்குகிற பாதையும் பிரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கினார்.