வேலிக்கு வெளியே முந்நூறு வாத்துகள்

இடுப்பு நான்கு நாட்களாக நிமிரவில்லை. நத்தை பொறுக்குவது குனிந்தபடியே நகரும் வேலை. ஒரு பாத்தி முடிந்து நிமிர்ந்தால் முதுகெலும்பு துருப்பிடித்த கீல் மாதிரி முனகும். வெயில் ஏறினால் நத்தைகள் மண்கட்டிக்கு அடியில் போய்விடும், அதற்குள் பொறுக்கியாக வேண்டும். கீரை அறுத்து முடித்த இரண்டு ஏக்கர் ஈர நிலம். நானும் மகனும் ஆளுக்கொரு வாளி.

போன வருடம் வரை இதை என் தம்பியின் வாத்துகள் செய்தன.

அவனுக்கு வீடு கிடையாது. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. முந்நூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல் வயலாகப் போவான். மழை விட்டு, நாங்கள் கீரை அறுத்து நிலத்தைச் சும்மா போடும் சமயம் இங்கே வருவான். எங்களுக்குள் பணம் காசு பேச்சில்லை. வாத்துகள் நத்தை தின்னும், அவனுக்குப் பத்து நாள் என் கைச் சாப்பாடு. வருடத்தில் அவன் முகத்தை நான் பார்ப்பது அந்தப் பத்து நாள்தான். போன வருடம் நான்காம் நாளே நத்தை தீர்ந்துவிட்டது. வாத்துக்கு இரை இல்லை என்றால் அவன் நிற்க முடியாது. "ஆறு நாள் பாக்கிக்கா, அடுத்த வருஷம் சேத்துப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ரோட்டில் எது கத்தினாலும் என் காது அங்கே போய்விடும்.

இந்த முறை கெடுத்தது என் வாய்தான்.

புதிதாக ஒரு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். வரைவைப் படித்துக் காட்டி, விவசாயிகளிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். தண்ணீரைச் சோதிக்க வேண்டும், கை கழுவத் தனி இடம் கட்ட வேண்டும் என்று அதிகாரி அம்மா வாசித்துக்கொண்டே போனார். கீரை அறுப்பதற்கு முந்தைய நான்கு மாதம் நிலத்தில் விலங்கோ பறவையோ கால் வைக்கக் கூடாது என்றார். கீரை விதைத்த இருபத்தைந்தாம் நாள் அறுப்புக்கு வந்துவிடும். அப்படியானால் நான்கு மாதம் என்பது என்றைக்குமே கூடாது என்றுதான் அர்த்தம். அது எனக்கு அங்கே உறைக்கவில்லை.

"மேல பறக்கிற காக்காகிட்ட யாரு கையெழுத்து வாங்கறது?" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

"போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைங்க கீரை சாப்பிட்டுப் படுத்துட்டாங்க" என்றார் அதிகாரி. சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த அம்மா சொன்னதிலும் தப்பில்லை. வாத்து நடக்கிற இடத்தில் எச்சம் விழாமல் இருக்குமா?

சின்ன விவசாயி பக்கம் யாராவது பேசுங்கள் என்றார்கள். நான் எழுந்தேன். "நாங்க மருந்தே அடிக்கறதில்ல. என் தம்பி முந்நூறு வாத்தைக் கொண்டு வருவான். பத்து நாள்ல நிலம் துடைச்சு விட்ட மாதிரி ஆயிடும்" என்றேன். கை தட்டினார்கள். எங்கள் கீரையை வாங்கும் பெரிய கடையின் கொள்முதல்காரர் பின்வரிசையில் இருந்தார். அவரும் தட்டினார்.

மூன்றாம் நாள் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். "சட்டம் வர்றப்ப வரட்டும்மா. எங்க கடை இப்பவே கேக்குது. வாத்து வந்துச்சுன்னா உங்க கீரை எங்களுக்கு வேணாம்."

மகன் கையெழுத்துப் போட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு கீரையையும் தினம் எடுக்க இங்கே வேறு ஆள் கிடையாது.

அடுத்த வாரம் தம்பி போன் பண்ணினான். "மழை விட்டதும் வர்றேன்க்கா." கூட்டத்தில் முந்திக்கொண்டு திறந்த வாய் அப்போது திறக்கவில்லை. "வா" என்று மட்டும் சொன்னேன்.

நத்தை பொறுக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலையில் அந்தச் சத்தம் கேட்டது. ரோடு முழுக்க வாத்து. முன்னால் ஆடி ஆடி வந்தது அவன் 'பெரியம்மா' என்று கூப்பிடும் கிழட்டுப் பெட்டை. பழக்க தோஷத்தில் நேராக எங்கள் கேட்டுக்கு வந்து மூக்கால் இடித்தது.

"என்னக்கா, கேட்டைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கே? நான் என்ன திருடனா?" என்றான் தம்பி. இன்னும் இளைத்திருந்தான். காதோரம் நரை ஏறியிருந்தது. பிறகு என் மகனைப் பார்த்தான். "என்னடா மாப்ளே, வாளியும் கையுமா நிக்கறே? வாத்து வேலைக்கு நீ சேந்துட்டியா? சம்பளம் நத்தைதானே?"

"மாமா..." என்று இழுத்தான் மகன். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீயேவா எந்திரிச்சு சொன்னே?"

"பெருமையாத்தான்டா சொன்னேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னைப் பத்தி ஊருல பெருமையாப் பேச ஒரே ஒரு ஆளு. அவளும் போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி பேசியிருக்கா."

"நீ மட்டும் உள்ள வாயேன். அதுங்க வெளிய நிக்கட்டும்."

"பசிச்சா நிக்குமா? பக்கத்துக் காட்டுல பூந்துடும். அப்புறம் உனக்கும் சண்டை, எனக்கும் சண்டை. ஆத்தோரமா பள்ளக்காடு இருக்கு, ரெண்டு நாள் நடை. இன்னைக்கே கிளம்பினாத்தான் ஆச்சு."

"மாசக் கடைசி வரைக்கும் மனு எழுதிப் போடலாமாம்டா. வரைவுதானே, மாத்தினாலும் மாத்துவாங்க."

"எழுது. வாத்துன்னு எழுது. தம்பி வருவான், சாப்பிடுவான்னு கதை எழுதி வைக்காதே."

அன்று பொறுக்கிய இரண்டு வாளியையும் மகன் தூக்கி வேலிக்கு மேலே கவிழ்த்தான். ஒரு காலை முழுக்க நாங்கள் குனிந்து சேர்த்ததை அவை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுத் தலையைத் தூக்கின.

சோறும் நான்கு முட்டையும் தட்டில் போட்டுக் கம்பிக்கு மேலே நீட்டினேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்து, ஒரு கையில் கோலோடு சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றேன். வாத்துகள் நகர ஆரம்பித்துவிட்டன. தட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தான். வளைவு வரை திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் கோலை மட்டும் ஒருமுறை தூக்கிக் காட்டினான்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி பாத்தியில் குனிந்தேன். ஆறு நாளில் ஒரு வேளை கழிந்தது. ஐந்து நாளும் இரண்டு வேளையும் நான் இன்னும் என் தம்பிக்குச் சோறு போட வேண்டும்.