திங்கட்கிழமை இருமல்

மெத்தைக் கடைக்காரரின் மனைவிக்கு வந்த இருமலுக்கு அந்தத் தெருவில் வைத்தியம் சொல்லாத ஆளே இல்லை. அது என்ன வியாதி என்று இருமியவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு அலைவதால் வந்த சளி என்றார் மாமியார். காலையில் தும்மல், மூக்கடைப்பு, நெற்றிப் பாரம் எதுவும் இல்லாதபோதும் சைனஸ்தான் என்று அடித்துச் சொன்னார் கொழுந்தனார். அவருக்கு சைனஸ் இருந்தது. உலகத்தில் வேறு வியாதிகளும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. மருந்துக் கடைக்காரர் நாடியைக்கூடப் பிடிக்காமல் “நெஞ்சுல கட்டியிருக்கு” என்று சொல்லி, கைக்கு வந்த பாட்டிலையும் மாத்திரையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போய், காசநோயாக இருக்குமோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று நலம் விசாரித்தாள். சளியைப் பரிசோதித்து, கிருமி இல்லை என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகும் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. அவ்வளவு பாசம்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் கணவர். அவர் அந்த இருமலுக்குப் பெயரே வைத்துவிட்டார்.

கடையின் முன்பக்கம் மின்விசிறிக்குக் கீழே அவருடைய நாற்காலி. பின்பக்கம் பஞ்சு அறை. பழைய மெத்தைகளைப் பிரித்து, கட்டிதட்டிப்போன பஞ்சை இயந்திரத்தில் கொடுத்து அடித்தெடுப்பது அவளுடைய வேலை. பஞ்சு பறந்துவிடும் என்பதால் அந்த அறையில் மின்விசிறி கிடையாது. இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். யார் யாரோ படுத்துப் புரண்ட தூசியெல்லாம் புகையாக எழும்பி, போக வழியில்லாமல் அவள் மூக்குக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. திங்கட்கிழமை இயந்திரத்தைப் போட்டால், மத்தியானத்துக்குள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கும். இருமல் தொடங்கும். மூச்சு விடும்போது உள்ளே விசில் கேட்கும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். செவ்வாய், புதன் என்று போகப்போக இறுக்கம் தளரும். அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தால் ஒரு செருமல்கூட வராது. திரும்பி வந்து பஞ்சைத் தொட்டதும் வட்டியும் முதலுமாக வரும்.

“இது திங்கக்கிழமை இருமல்” என்பார் கணவர், வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம். “அக்கா வீட்டுல நெஞ்சு தானா தொறந்துக்குது. இங்க மெஷின போட்டா தானா மூடிக்குது. வியாதியா இது? டிமிக்கி!”

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவர் வாயெல்லாம் பல்லாக இருக்கும். கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உடம்பு வணங்காத சோம்பேறியாகிவிட்டோமோ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு மெத்தை கூடுதலாகப் பிரித்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. மூச்சுத் திணறுவதற்கும் சேர்த்து அவமானப்பட்டாள்.

ஒரு திங்கட்கிழமை மூச்சு நிஜமாகவே நின்றுவிடும்போல் ஆனது. சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். இயந்திரத்தின் இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. கூப்பிட மூச்சும் இல்லை. தலையணை வாங்க வந்த ஒரு பெண் கழிப்பறையைத் தேடிக் கதவைத் திறந்ததால் பிழைத்தாள்.

கணவர் கூட்டிப்போன நெஞ்சு மருத்துவர் ஒரு பெண்மணி. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். அவள் ஊதியது அந்த அம்மாவுக்குத் திருப்தியாக இல்லை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா, யாராவது புகை பிடிப்பார்களா, சமையல் எதில் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “என்ன வேலை பாக்கறீங்க?” என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். “வேலைக்கெல்லாம் போகல டாக்டர். வீட்லதான் இருக்கா. கடைக்குச் சும்மா ஒத்தாசை.”

இதுவரை பார்த்த எல்லா மருத்துவர்களிடமும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. அவர் கணக்கில் அது வேலையே இல்லை. அதோடு விட்டாரா? மருத்துவர் தன் பக்கம் பேசுவார் என்ற நம்பிக்கையில் வழக்கையும் எடுத்து வைத்தார்.

“நீங்களே சொல்லுங்க டாக்டர். லீவு விட்டா நல்லா இருக்கா. திங்கக்கிழமை மெஷின போட்டா மட்டும் இருமல். அது எப்படி?”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன மெஷின்?”

“பஞ்சு அடிக்கறது. மெத்தைக் கடை.”

“யாரு அடிக்கறா?”

“இவதான்.”

“முன்னாடி பார்த்த டாக்டர்ங்ககிட்ட இத ஏன் சொல்லல?” என்றார் மருத்துவர். “இது பஞ்சுத் தூசியால வர்ற நோய். மூச்சுக் குழாய் சுருங்கிப் போகுது. முதல்ல லீவு முடிஞ்சு வர்ற நாள்ல மட்டும்தான் படுத்தும். அப்படியே விட்டா எல்லா நாளும் திங்கக்கிழமை ஆயிடும். இப்ப நிறுத்தினா சரியாகறதுக்கு வாய்ப்பு இருக்கு. இனிமே இவங்க அந்த ரூமுக்குள்ள போகவே கூடாது.”

வாயில் வைத்து அழுத்தி மூச்சோடு உள்ளே இழுக்கும் பம்பு மருந்தை எழுதிக் கொடுத்தார். “பம்பு பழகிடுமே” என்று கணவர் இழுத்ததை மருத்துவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடு வந்து சேர்வதற்குள் கணவருக்குத் தெம்பு வந்துவிட்டது. “அத்தனை டாக்டரும் கோட்டை விட்டாங்க. நான்தான் சரியா பாயிண்ட எடுத்துக் குடுத்தேன்” என்று மாமியாரில் தொடங்கித் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் கடை திறந்ததும், “ஒரே ஒரு மெத்தைதான், வாயில துணி கட்டிக்கிட்டு...” என்று ஆரம்பித்தார்.

“நான் போகமாட்டேங்க” என்றாள். சொல்லிவிட்டு அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் முறைத்தும் எழுந்திருக்கவில்லை.

வாடிக்கையாளர் வாசலில் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் கணவரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இயந்திரம் ஓடியது. மெத்தையில் பாதிகூட ஆகியிருக்காது, நின்றுவிட்டது. புருவமெல்லாம் வெள்ளையாக, கண்ணில் நீர் ஒழுக, இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

“இவ்வளவு தூசியா அங்க!” என்றார் கோபமாக. “இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் நிதானமாக மூச்சை இழுத்து விட்டாள்.

“இருமிக்கிட்டேதானே இருந்தேன்” என்றாள்.