சோளமூட்டை அறையில் பதினைந்து நிமிடம்

தினமும் பதினைந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருங்கள் என்று லாவண்யா மேடம் எழுதியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு துபாயில் இருக்கும் மருமகனோடு கத்திப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முழங்கை பட்டால் என் மேஜையும் ஆடியது. இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம்.

மேடத்தை நான் பார்த்ததில்லை. சென்னையில் மனநல ஆலோசகர், கம்ப்யூட்டர் சாட்டிலேயே ஆலோசனை சொல்பவர். வியாழக்கிழமை ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை எனக்கு. நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட், ஹையர் பாஸ் செய்தவள். என் கை வேகத்துக்கு என் துக்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதல் நாளே இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டேன். பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. குடிக்காத கணவர், பிடுங்கல் இல்லாத வேலை. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அழுகை வருகிறது. மகள் பென்சிலைத் தொலைத்தால் அடித்துவிடுகிறேன், அப்புறம் அதற்கும் அழுகை. டாக்டரிடம் போனால் சத்து மாத்திரை எழுதித் தருகிறார். லாவண்யா மேடம்தான், அழுகை வரும்போது எங்கே அடைக்கிறது, தொண்டையிலா நெஞ்சிலா என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தொண்டையில் என்று அடித்தேன். அப்படியானால் அதை முழுசாக அழ விடுங்கள், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு என்றார்.

மேடத்துக்கு வாலிகண்டபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டைத் தெரியாது. அங்கே பகலில் உள்கதவைச் சாத்தும் வழக்கமே இல்லை. புடவை மாற்றுவதென்றாலும் கதவை ஒருக்களித்துவிட்டுத்தான். என் மாமியார் ஜெகதாம்பாள், நான் குளிக்கும்போது வெளியே நின்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பதில் தாமதமானால் கதவைத் தட்டுவார். ஐந்து வருஷமாக இதை வேவு பார்க்கிற புத்தி என்றே நினைத்திருந்தேன், மேடத்திடமும் அப்படியே அடித்தேன். உங்களுக்கென்று ஒரு இடம் கேட்பதில் தப்பே இல்லை என்று பதில் வந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரோட்டை நாலு வழியாக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. வீடு வரும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்தது. மாமியார் என் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கூடத்தில் கண்ணயர்ந்திருந்தார். என் கணவர் கலைவாணன் கொல்லையில் சின்ன வெங்காயத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். நான் ஓரத்து அறைக்குள் போனேன். மக்காச்சோள மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறை. முன்பு அது என் நாத்தனார் சுகன்யாவுடையது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு இரண்டு வருஷம் முந்தி, பத்தொன்பது வயதில், காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். துருப்பிடித்துக் கிடந்ததால் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எதிர்வீட்டு டிவியில் வந்த விளம்பரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. இந்த முகத்தோடு போக வேண்டாமே என்று கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, தலையைச் சரிசெய்ததில் ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் தட்டல் அடியாகிவிட்டது.

"சுகன்யா, தொறடி. அம்மா ஒன்னுஞ் சொல்ல மாட்டேன். தொறந்துருடி சாமி."

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. நான்தான், வேணி என்று கத்தினேன். மாமியார் காதில் விழவே இல்லை. கணவர் ஓடிவந்து தோளால் மோதினார். கதவு பிய்த்துக்கொண்டு திறந்ததும் மாமியார் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வாயை மோந்து பார்த்தார். திரும்பவும் மோந்து பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுகன்யா காய்ச்சலில் போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் கணவர், தொங்கிக்கொண்டிருந்த தாழ்ப்பாளைக் கழற்றினார். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்புடிச் சொல்றது?" என்றார் திருகாணியைப் பார்த்துக்கொண்டே.

தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று முதலில் மறைத்தார்களாம். அப்புறம் சொல்வதற்கு ஒரு நாள் வாய்க்கவில்லையாம். சுகன்யா மருந்து குடித்த அன்றைக்கும் இப்படித்தான் கதவை உடைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய வந்த ஆசாரி பழைய தாழ்ப்பாளையே பொருத்திவிட்டுப் போய்விட்டார், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கழற்றிய தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணவர் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை இதை அடித்தேன். லாவண்யா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. கடைசியில் வந்தது, மன்னிச்சிடுங்க வேணி என்ற ஒரு வரிதான். பிறகு திருச்சியில் ஒரு டாக்டர் பெயரைக் கொடுத்து மாமியாரை அழைத்துப் போகச் சொன்னார். ஏழு வருஷமாக மகளுக்குக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவரை எந்த டாக்டரிடம் என்ன சொல்லி அழைத்துப் போவது? மேடத்தின் மேல் கோபம் வந்தது. அவராலும்தான் என்ன செய்ய முடியும் என்று நினைத்ததும் அதுவும் போய்விட்டது, வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரே வந்தார். இப்படித் தனியாக உட்காருவது வைத்தியம் என்று நான் சொன்னதை மகன் அவரிடம் சொல்லியிருக்கிறார் போல.

"ஒக்காரணும்னா போயி ஒக்காரு. நா வெளிய இருக்கேன். கூப்புட்டா மட்டும் ஒரு சத்தங் குடுத்துரு."

தாழ்ப்பாள் இல்லாத கதவு தானாகத் திறந்துகொண்டது. அதனால் உள்ளே நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெளியே மாமியாரும் அப்படியே சாய்ந்துகொண்டார். வேணி என்பார், ம் என்பேன். அரை நிமிடம்கூட இருக்காது, மறுபடி வேணி. அழுகையாவது ஒன்றாவது. ஆனாலும் வாராவாரம் போனேன். ஆவணி பிறந்தபோது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டார். மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு, இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவதாகக் கூப்பிடவில்லை. கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். ம் தொண்டையில் தயாராக நின்றது.  பிறகு முதுகில் தெரிந்தது: கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"அத்த" என்றேன்.

 எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கதவு உள்பக்கம் திறப்பது, அவர் பாரம் முழுவதும் அதன்மேல். நான் எழுந்தால் மல்லாக்க விழுந்துவிடுவார். குதிகாலை ஒரு சோளமூட்டையில் முட்டுக்கொடுத்து முதுகை இன்னும் அழுத்தினேன். பதினைந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

"அத்த, ஒரு சத்தங் குடுங்க."

தலைக்கு மேலே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். அவற்றின் வழியே வந்த வெளிச்சம் எதிரே மூட்டையின்மேல் நான்கு பொட்டாக விழுந்து, கதவு ஆட ஆட ஆடிக்கொண்டிருந்தது.