நகரும் சத்தம், நகராத சத்தம்

என் வேலை எக்ஸ்ரே எடுப்பது. எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று டாக்டர்களே சொல்வார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதனால்தான், "உங்க இசைத்தட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன் மாமா" என்று நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாமா என்றால் என் மாமனார். தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். ஒரு காது ஏற்கெனவே போயாச்சு, மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டு வருகிறது. "கூர்மையான சத்தமெல்லாம்தான் முதல்ல போகும். ஏதாவது கேக்கணும்னு ஆசை இருந்தா இப்பவே கேட்டுடுங்க" என்று காது டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த மாமா, சட்டையைக்கூட மாற்றாமல் பீரோ மேலிருந்து ஒரு இசைத்தட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இதை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்மா" என்றார். எதுவும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத மனுஷன் அவர்.

உறையில் ஒரு பாடகியின் பெயர், அதற்குக் கீழே சின்னதாக "குழுவினர்". அந்தக் குழுவினரில் மாமாவும் ஒருவர். கோரஸ் பாடியிருப்பார் என்பது எங்கள் வீட்டு முடிவு. "எங்கப்பா பாடினதாலதான் அந்தம்மாவுக்கு அடுத்த தட்டே வரல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். மாமா சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

எங்கள் லேபில் ஈ.சி.ஜி. எடுக்கும் அக்கா, தன் வீட்டில் சும்மா கிடந்த தட்டு சுழற்றும் பெட்டியைக் கொடுத்தாள். அதற்கென்று தனி ஸ்பீக்கர் கிடையாது. அதன் வயரைச் சொருகும் ஓட்டை புது லேப்டாப்பில் இல்லை, மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதைத் தட்டி எழுப்பினால், திறந்து முழிப்பதற்குள் ஒரு உலை சோறு வெந்துவிடும்.

முதல் தடவை ஓட விட்டு, மாமாவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். பிறகு கழற்றி மேஜையில் வைத்தார்.

"கடலை வறுக்கற மாதிரி இருக்கும்மா. சுத்தமானதும் கூப்பிடு."

எனக்குச் சுருக்கென்றது. சுத்தமாக்காமல் விடுவேனா?

தட்டில் அழுக்கு என்று நினைத்து மெத்தென்ற துணியால் துடைத்தேன். சோப்புத் தண்ணீரில் நனைத்து, காய வைத்து, மறுபடி ஓட்டினேன். அதே டப், டிக், கரகர. அப்போதுதான் ஒன்று தோன்றியது. சந்தேகம் வந்தால் நாங்கள் அதே எலும்பை இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இதையும் அப்படிப் பார்த்தால் என்ன? ஒரே பாட்டை இரண்டு தடவை பதிவு செய்து, இரண்டு அலைக்கோடுகளையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன்.

அடேயப்பா! முதல் பதிவில் இருந்த டப் பலவும் இரண்டாவதில் அந்த இடத்தில் இல்லை, வேறெங்கோ ஓடிப்போயிருந்தன. தட்டில் இருக்கும் கீறல் இடம் மாறுமா? மாறாது. அப்படியானால் நகரும் சத்தமெல்லாம் கம்ப்யூட்டரின் திருட்டுத்தனம், நகராததுதான் தட்டினுடையது. இது புரிந்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை.

"என்னம்மா, பேய் ஓட்டறியா?" என்றார் வீட்டுக்காரர், கதவில் சாய்ந்துகொண்டு.

"ஆமா. நீங்க வாயை மூடிக்கிட்டா சீக்கிரம் ஓடிரும்."

வைரஸ் காவலை நிறுத்தினேன். பாதி டப் காணாமல் போயிற்று. மிச்சம் ஏன் விட்டு விட்டு ஒரே மாதிரி வருகிறது என்று பார்த்தால், வைஃபை குச்சி. அது நிமிஷத்துக்கொரு தரம் "சிக்னல் இருக்கா, சிக்னல் இருக்கா" என்று தேடுகிறது, அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பாட்டைக் கோட்டை விடுகிறது. பிடுங்கிப் போட்டேன். அதற்கும் அடங்காத சிலது, யாரும் மௌஸைத் தொடாவிட்டால் திரையில் மீன் நீந்த ஆரம்பிக்குமே, அப்போது வந்தவை. மீன்களையும் விரட்டினேன். கடைசியாக, வருகிற சத்தத்தைத் தேக்கி வைத்து எழுதும் அளவைப் பெரிதாக்கினேன். கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. அடுத்த இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டேன். ஒரு டப் கூட நகரவில்லை! நான் ஒரு குதி குதித்ததில் வீட்டுக்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

மிச்சம் இருந்தவை நகராத சத்தங்கள். தூசிச் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதோடு, ஒல்லியாகக் கூர்மையாக ஒரு கூட்டம், பாட்டு நெடுக அளந்து வைத்த மாதிரி ஒரே இடைவெளியில். இதைப் பார்த்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்டேன். தட்டின் குறுக்கே நீளமாக ஒரு கீறல் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி அதில் இடிக்கும், சத்தம் சீராக வரும். விளக்கடியில் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் தெரியவில்லை. படத்தில் தெரியாத விரிசல் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சொடுக்குச் சத்தத்தைத் துடைக்கும் வசதி நான் பதிவு செய்த மென்பொருளிலேயே இருந்தது. அதை உச்சத்தில் வைத்துத் துடைத்தேன். அதற்கும் தப்பியதை ஒவ்வொன்றாகக் கையால் பெரிதுபடுத்தி, நறுக்கி, ஒட்டுப்போட்டேன். கோரஸ் குரல்கள் வரும் இடத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன், அங்கேதானே மாமா இருக்கிறார். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அசல் பதிவுகளை அழித்தேன். பாட்டு இப்போது பளிங்கு மாதிரி இருந்தது.

"மாமா, வாங்க. தயார்!"

மாமா முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நல்ல காதுப் பக்கம் ஹெட்ஃபோனைச் சரி பண்ணிக்கொண்டார். பாட்டு ஓடியது. கோரஸ் வந்தது, போனது. அவர் எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. ஹெட்ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்தினார். கண்ணை மூடினார். பாட்டு முடிந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். குரலில் உயிரே இல்லை. மெதுவாக எழுந்தார். "அந்த டாக்டர் சொன்னது சரிதான். அதெல்லாம் போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே கேட்டிருக்கணும்."

"எதெல்லாம் போயிடுச்சு மாமா? கோரஸ் கேக்கலையா?"

"கோரஸ் நல்லாக் கேக்குது. நான்தான் கேக்கல."

"நீங்க கோரஸ்லதானே பாடினீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் எங்கடா பாடினேன்? ஸ்டுடியோக் கதவு சரியா மூடலைன்னு இழைக்கப் போனேன். தாளத்துக்குக் கட்டை தட்டறவர் அன்னிக்கு வரல. பையில ரெண்டு தேக்குத் துண்டு இருந்துது. 'கை ஒழுங்கா வருமா தம்பி'ன்னு கேட்டாங்க, உக்கார்ந்தேன்." மாமா விரல் முட்டியால் மேஜையைத் தட்டிக் காட்டினார். டக். டக். டக். அளந்து வைத்த மாதிரி ஒரே இடைவெளியில்.

எனக்குப் பகீரென்றது.

கீறலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, ஒன்று விடாமல், என் மாமனாரைத் துடைத்து எறிந்திருக்கிறேன். பத்தாததற்கு அவர் காதின் மேல் பழி. வெட்கத்தில் முகமெல்லாம் சுட்டது.

"மாமா, உட்காருங்க! உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் கண்ணால பாத்துட்டுக் காதால கேக்காம விட்டுட்டேன். உட்காருங்களேன், சொல்றேன்ல!"

"ஏம்மா கத்தறே, இந்தக் காது இன்னும் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

நல்லவேளை, பெட்டியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. தட்டை வைத்தேன், ஊசியை இறக்கினேன், பதிவை ஓட விட்டேன். இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை, தட்டில் இருப்பது அப்படியே அவர் காதுக்குப் போயிற்று. திரையில் முதல் ஒல்லிக் கோடு எழும்பியது. மாமாவின் விரல் மேஜையில் விழுந்தது. அடுத்த கோடு, அடுத்த தட்டல். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இது நான்" என்றார், கண்ணைத் திறக்காமல். "இதுவும் நான். இது தூசி. இது நான்."

வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, செவிடான காதுப் பக்கத்து ஹெட்ஃபோனை விலக்கித் தன் காதை வைத்துக்கொண்டார். கிண்டல் எதுவும் வரவில்லை. தகப்பனும் பிள்ளையும் அத்தனை நெருக்கமாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பாட்டு முடிந்து ஊசி தானாகத் தூக்கிக்கொண்டது. ஹெட்ஃபோனைக் கழற்ற மாமாவுக்கு மனசில்லை.

"இன்னொரு தடவை போடறியா?"

"எத்தனை தடவை வேணும்னாலும் போடறேன் மாமா. முதல்ல அந்தத் தூசிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம்..."

மாமா சட்டென்று மௌஸ் மேல் கையை வைத்து மூடினார்.

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதை எடுக்கப்போய் மறுபடி என்னையும் எடுத்துடாதே."