மத்தியானத்துக்கு ஒரு வாளி

காண்டாவனக் கத்திரி வெயில் பிறந்து எட்டாம் நாள். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் மூளை உருகி மூக்கால் வழியும் போலிருந்தது. அந்தத் தகரத்தின் கீழேதான், ஞானாம்பிகை வீட்டுக் கார்க் கொட்டிலில், அடைக்கலநாதனும் மனைவி யோசப்பினும் பதினொரு மாதமாகக் குடியிருந்தார்கள். கோட்டைப் பக்கம் சண்டை மூண்டு குருநகர் வெறிச்சோடியபோது கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள். கோப்பாயில் ஆறு வீட்டுப் படலை தட்டித் திறக்காமல், ஏழாவதாகத் திறந்தது இந்த விதவையின் படலை.

திறந்தவள் இரண்டு கட்டளை போட்டாள். வளவுக்குள் மீன் சமைக்கக் கூடாது. கிணற்றுக் கயிற்றில் கை வைக்கக் கூடாது. காலையும் மாலையும் அவளே இரண்டு குடம் அள்ளி, எட்ட நின்று இவர்கள் குடத்தில் வார்ப்பாள்.

"நான் தீட்சை கேட்டனான், அடைக்கலம். மச்சம் அளைஞ்ச கை எங்கடை வாளியிலை படப்பிடாது. மனசிலை ஒண்டும் வைச்சுக்கொள்ளாதையும்" என்று சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

அடைக்கலம் தலையாட்டினான். ஆட்டாமல் எங்கே போவது? பள்ளிக்கூட முகாமில் ஒரு வகுப்பறைக்கு ஒன்பது குடும்பம்.

கடலுக்குப் போகத் தடை. கரையில் விட்டுவந்த வள்ளம் உப்புத் தண்ணீரில் இற்றுப் போயிற்று. முப்பது வருடம் வலை இழுத்த கை மடியில் சும்மா கிடந்தது. யோசப்பின் நீர்வேலிப் பக்கம் வெங்காயம் கிண்டப் போனாள். அவளுடைய கூலியில் அவன் சோறு தின்றான். இடம்பெயர்ந்த பெண்களுக்கென்று பங்குச் சுவாமியார் இருபத்தைந்து குஞ்சுகள் கொடுத்தபோது, அவள் பெட்டியோடு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வள்ளம்தான் போயிட்டுது. உதுகளையாவது சாகாமல் பாருங்கோ. ஆறு மாதத்திலை முட்டை விடும். பிறகு நான் ஆரின்டையும் தோட்டத்திலை குனிஞ்சு நிக்கத் தேவையில்லை."

"கோழி என்ன சுறாவே? பாப்பம்" என்றான் அவன்.

மூன்று கிழமை பார்த்தான். கோழித்தீன் கொழும்பிலிருந்து வருவது நின்று வெகுநாள். தவிடும் குறுணலும் தின்று குஞ்சுகளுக்குச் செட்டை முளைத்ததே தவிர உடம்பு பிடிக்கவில்லை. மீன் தின்னாத உயிர் எப்படி உடம்பு பிடிக்கும்? மைத்துனனிடம் போய் ஒரு பை கருவாட்டுத் தலை வாங்கி ஒளித்துக்கொண்டு வந்தான். சமைக்கக் கூடாது என்றாள். இடிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. ஊறப்போட்டு உப்பைக் கழுவ வேண்டும் என்பது குருநகரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், இருக்கிற இரண்டு குடத்தில் கழுவினால் குடிப்பது எதை? கழுவின தண்ணீரை எங்கே ஊற்றுவது? நாற்றம் அவளுடைய சாமியறை மட்டும் போகும். கொஞ்சம்தானே என்று உப்போடேயே இடித்து, தவிட்டில் பிசைந்து, இன்று விடியற்காலை வைத்தான். குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்றன. பார்த்து நின்றவனுக்கு வள்ளம் நிறைய மீனோடு கரைக்கு வந்த சந்தோஷம்.

பதினொரு மணிக்கே தண்ணீர்ச் சிரட்டைகள் வறண்டன. ஊற்றினான். மறுபடியும் வறண்டன. குடத்தின் அடித் தண்ணீரும் போயிற்று. வெயிலுக்குத்தான் என்று எண்ணி, கூட்டைத் தகரத்துக்கு வெளியே இழுத்து, தேசி மரத்து நிழலில் வைத்து, மேலே பனையோலை போட்டான். குஞ்சுகள் சொண்டைப் பிளந்து, செட்டையை விரித்து மூச்சிளைத்தன. பின்பக்கம் தண்ணீராகவே கழிந்தது. ஒன்று எழும்பப் பார்த்துக் கால் மடங்கிச் சரிந்தது.

இந்தக் கோலத்தை அடைக்கலம் முன்பே கண்டிருக்கிறான். எஞ்சின் நின்று நாலு நாள் கடலில் இழுபட்டபோது, கூட வந்த சூசைதாசன் பொறுக்காமல் கடல் தண்ணீரை அள்ளிக் குடித்தான். குடிக்கத் தாகம் கூடிற்று. கூடக் கூடக் குடித்தான். கடைசியில் வாயைப் பிளந்துகொண்டு, கால் விளங்காமல், வள்ளத்தடியில் இப்படித்தான் கிடந்தான்.

தீன் தட்டில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது; உடனே துப்பினான். குஞ்சுகளை வதைத்தது வெயில் பாதி, மற்றப் பாதி அவன் கை.

தீனைக் கொட்டி மண்ணால் மூடினான். இனி நல்ல தண்ணீர் வேண்டும். ஒரேயடியாக அல்ல, விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. ஞானாம்பிகை காலையிலேயே உரும்பிராயில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டாள். முகாம் கிணற்றில் குடவரிசை ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. பத்தடி தள்ளி இந்தக் கிணறு. கப்பியில் கயிறு, கயிற்றில் வாளி.

அது பங்குக் கிணறு. நடுவால் வேலி போகும். அந்தப் பக்கத்துக் கப்பி ஞானாம்பிகையின் புருஷனுடைய தமையன் நமசிவாயத்துக்கு. அடைக்கலம் வேலி ஓட்டைக்குள்ளால் கூப்பிட்டான்.

"ஐயா! ஒரு வாளி அள்ளி ஊத்துங்கோ. குஞ்சுகள் சாகுது."

நமசிவாயம் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். "கடல்காரனுக்குக் கோழி என்னத்துக்கு?"

"பிறகு பகிடி விடுங்கோ ஐயா. இப்ப ஒரு வாளி."

"எனக்கு நாரி பிடிச்சு நிமிரேலாமல் கிடக்கு. ஞானம் வரட்டும்."

"அவ பின்னேரம்தான் வருவா."

"அப்ப பின்னேரம் குடிக்கட்டும்" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடைக்கலம் திரும்பிவந்து பார்த்தான். இரண்டு விறைத்துவிட்டன. மூன்றாவது கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு கிடந்தது. யோசப்பினின் முகம் மனதில் வந்தது. கொட்டிலும் வந்தது. கயிற்றைத் தொட்டால் இன்றைக்கே பாயைச் சுருட்ட வேண்டி வரும். தொடாவிட்டால் அவள் சாகுமட்டும் வெங்காயம் கிண்டுவாள். போய்க் கயிற்றைப் பிடித்தான்.

கப்பி கிரீச்சிட்டதும் நமசிவாயத்தின் நாரி சுகமாகிவிட்டது. "அடேய்! கயித்திலை கை வைச்சிட்டான்! கிணறு போச்சு!"

அடைக்கலம் வாளியைத் தூக்கிக்கொண்டு கூட்டடிக்கு ஓடினான். சாக்கை நனைத்துக் கூட்டின் மேல் போட்டான். நிலத்தில் தண்ணீர் தெளித்தான். ஒவ்வொரு குஞ்சாக எடுத்துச் சொண்டை நனைத்து, இரண்டு மிடறு குடிக்கவிட்டு, சிரட்டையை எடுத்துக்கொண்டான். அவை இன்னும் கேட்டுக் கத்தின. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, பிறகு கொடுத்தான். மூன்று மணி மட்டும் இதுவே வேலை. அதற்குள் ஏழு போயின. பதினெட்டு மிஞ்சின.

ஞானாம்பிகை படலைக்குள் கால் வைக்கவே நமசிவாயம் வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அப்படியே நின்றாள். செத்தவீட்டுத் துடக்கு, தலை முழுகித் தோயாமல் வீட்டுக்குள் போக முடியாது. தோயக் கிணறு வேண்டும்.

"நான் உமக்கு என்ன சொன்னனான், அடைக்கலம்?"

"சொன்னனீங்கள் அம்மா. பிழைதான். சாகிறதைப் பாத்துக்கொண்டு நிக்கேலாமல் போச்சு."

அவள் ஏசவில்லை. வேலிப் பக்கம் திரும்பினாள். "கிணத்தை இறைச்சு விடவேணும், அத்தான்."

"மிசினுக்கு மண்ணெண்ணெய் எங்கை? கூலிக்காரர் முழுப்பேரும் வெங்காயத்துக்குப் போயிட்டாங்கள்."

"நீங்கள்?"

"எனக்கு நாரி..."

அவள் அடைக்கலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அடைக்கலம்தான் இறைக்கவேணும்."

"விசர்க் கதை கதைக்கிறாய் பிள்ளை! துடக்காக்கின கையாலையே இறைச்சால் எப்பிடித் துடக்குப் போகும்?"

"வெளியிலை ஊத்தத்தானே அள்ளுறார். அது வேறை. கடைசியிலை ஊறுற தண்ணியை நான் அள்ளுவன்."

சிரிப்பதா அழுவதா என்று அடைக்கலத்துக்குத் தெரியவில்லை. தொடாதே என்ற கயிற்றைப் பிடித்து வாளி வாளியாக இழுத்து, வாழைப் பாத்திக்கு ஊற்றினான். தண்ணீர் இடுப்பளவு இருந்தது. அடியில் ஊறிக்கொண்டும் இருந்தது. ஐந்து மணிக்குப் பாதிதான் வற்றியது. உள்ளங்கை கிழிந்து எரிந்தது. ஞானாம்பிகை மாமரத்தடியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அந்நேரம் யோசப்பின் வந்தாள். உடம்பு முழுக்க வெங்காய நெடி. தேசி மரத்தடியில் வரிசையாகக் கிடந்த ஏழையும் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள்.

"வெயிலோ?"

பொய் சொல்ல நல்ல வசதி இருந்தது. "இல்லை. கருவாடு குடுத்தனான். உப்புக் கழுவேல்லை."

அவள் செத்த குஞ்சொன்றைக் காலில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "உப்புத் தண்ணி வள்ளத்தைத் திண்டது காணாதெண்டு இஞ்சையும் வந்திட்டுதாக்கும்" என்றாள். கூட்டடியில் குந்தி ஒரு குஞ்சைத் தூக்கி மடியில் வைத்தாள். "மிச்சம் தப்பும்போலை கிடக்கு. ஆனால், நாளைக்கு மத்தியானமும் இதே வெயில்தானே? நாளைக்கு ஆரின்டை கிணத்தைத் துடக்காக்கப் போறியள்?"

அவன் இழுத்த வாளியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தான். கயிற்றை விட்டான்.

"ஏன் நிப்பாட்டீட்டீர்?" என்றாள் ஞானாம்பிகை.

"அம்மா, மத்தியானத்துக்கு ஒரு வாளி வேணும். நாளையிலையிருந்து. காண்டாவனம் முடியுமட்டும்."

"பாத்தியே ஞானம், வெருட்டுறான்!" என்று வேலிக்கு அப்பால் குரல்.

"வெருட்டேல்லை ஐயா. கை கிழிஞ்சு போச்சு. நீங்கள் வந்து மிச்சத்தை இழுங்கோ."

நமசிவாயம் போய்ச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். ஞானாம்பிகை பாதி வற்றிய கிணற்றைப் பார்த்தாள். தன் செத்தவீட்டுச் சேலையைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காத உதடு வெடித்திருந்தது.

"ஒரு வாளிதான்."

"காணும் அம்மா."

"நான்தான் அள்ளி வார்ப்பன். நீர் கயித்தைத் தொடப்பிடாது."

"ஓம். நீங்கள் இண்டையைப்போலை எங்கையும் போயிட்டால்?"

ஞானாம்பிகை கண்ணை எடுத்து, மரத்தடியில் குஞ்சுகளுக்குச் சிரட்டை பிடித்துக்கொண்டிருந்த யோசப்பினின் வெங்காய மண் படிந்த கையைப் பார்த்தாள்; அந்தக் கையில் இப்போது மீன் வாடை இல்லை.

"முதல் கிணத்தை இறைச்சு முடியும், அடைக்கலம். மற்றதைப் பிறகு பாப்பம். பொழுது படப்போகுது" என்றாள்.

அடைக்கலம் சாரத்தின் ஓரத்தைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு வாளியை இறக்கினான்.