முதல் பக்கம் மட்டும்

ஐந்தரைக்கு எழும்புகிறேன். கிணற்றடியில் முகம் கழுவுகிறேன். கேத்திலில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். பால்மா இரண்டு கரண்டி, சீனி ஒன்று. முற்றம் கூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து கூட்டிவிட்டுப் போகிறார். கடையில் பத்து இடியப்பம் வாங்குகிறேன். ஆறு எனக்கு, நான்கு நாய்க்கு. சேர்ட்டை அயன் பண்ணுகிறேன். ஏழு பத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன். குளக்கட்டுத் திருப்பத்தில் வேகத்தை இருபதுக்குக் குறைக்கிறேன். காலையில் அங்கே மாடுகள் தார் றோட்டில் படுத்திருக்கும். ஏழு முப்பத்தைந்துக்குப் பாடசாலையில் கையெழுத்து வைக்கிறேன்.

எட்டு மாதமாக இதில் மாற்றமில்லை.

பாடசாலை தண்ணீரூற்றுக்கு அப்பால் இருக்கிறது. நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். என் மனைவி சிவதர்சினி அதே பாடசாலையில் நூலகப் பொறுப்பாசிரியராக இருந்தாள். போன ஒக்டோபரில் அந்தத் திருப்பத்தில் அவளுடைய ஸ்கூட்டி ஒரு மாட்டில் மோதியது. வயது முப்பத்தொன்று.

அவள் நூலகத்தைப் பொறுப்பெடுத்தபோது புத்தகங்கள் அலுமாரிகளில் பூட்டிக் கிடந்தன. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஐந்து தொடுதிரை ரப்கள் பெட்டி பிரிக்காமல் அதிபரின் அறையில் கிடந்தன. பழுதாகிவிடும் என்ற பயத்தில் இரண்டையும் பிள்ளைகளிடம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அவள் இரண்டையும் வெளியே எடுத்தாள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினாள். ரப்பை அதன்மேல் பிடித்தால் அவளுடைய குரல் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தை வாசிக்கும். முதல் பக்கம் மட்டும். பக்கம் முடிகிற இடத்தில் வசனம் பாதியில் நின்றாலும் அங்கேயே நிறுத்திவிடுவாள்.

"வசனத்தையாவது முடியன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"முடிச்சா பிறகு ஏன் புத்தகத்தைத் திறக்கப்போகினம்? நீங்கள் கொம்பியூட்டர் ஆள். உங்களுக்கு உது விளங்காது."

ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்த பிள்ளை தன் குரலில் ஒரு நிமிடம் பேசிச் சேர்க்கலாம். அதற்காகவே வாசித்தவர்கள் இருக்கிறார்கள். முதல் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் மணி அடிக்கும்வரை சும்மா நிற்பார்கள் என்று காலை ஆறே முக்காலுக்கே நூலகத்தைத் திறந்துவிடுவாள். அதனால் நாங்கள் ஒன்றாகப் போவதில்லை.

பாடசாலையில் இணையம் சரியாகக் கிடைக்காது. குரல்கள் எல்லாம் அவளுடைய சொந்த லப்டொப்பில் இருந்தன. அதை நூலகத்திலேயே வைத்து, ஒரு சிறிய ரவுட்டரில் இணைத்துக் கொடுத்திருந்தேன். ஒக்டோபரில் அதன் விசிறி சத்தம் போட்டது. துப்புரவாக்குவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அது திரும்பிப் போகவில்லை. ரப்பைப் பிடித்தால் 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

ஜனவரியில் நஸ்மியா ரீச்சர் நூலகத்துக்குப் பொறுப்பாக வந்தார். முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் குடும்பம். வந்த முதல் வாரமே லப்டொப்பைப் பற்றிக் கேட்டார்.

"பழுதாப்போச்சு" என்றேன்.

"பரவாயில்லை சேர். நான் முதல்ல இருந்து வாசிக்கிறன்."

தன் போனில் நாற்பது புத்தகம் வாசித்துவிட்டார். இன்னும் முன்னூறு இருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டு இஞ்சி தேத்தண்ணியோடு திரிந்தார். நான் கண்டும் காணாமல் இருந்தேன். லப்டொப் என் வீட்டு அலுமாரியில், அவளுடைய சேலைகளுக்குக் கீழே இருந்தது.

போன வியாழக்கிழமை இடைவேளையில் அவர் கணினி அறைக்கு வந்தார். கையில் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று. சிவதர்சினியின் நினைவு மலர். முப்பத்தோராம் நாளுக்கு அவளுடைய அம்மா, என் மாமி, அச்சடித்தது. நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். பின்னட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இதுக்கும் ஒட்டிப்போட்டீங்களோ?"

"நான் ஒட்டேல்ல சேர். ஆறாம் ஆண்டுப் பிள்ளையள். நூலகத்துக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் ஒட்டுங்கோ எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். என்ர கதிரைக்கும் ஒட்டியிருக்குதுகள். கூட்டுற தும்புத்தடிக்கும் ஒட்டியிருக்குதுகள்."

எனக்குச் சிரிப்பு வரவேண்டும் என்று தெரிந்தது.

"கழட்டிவிடுங்கோ."

"கழட்டலாம். ஆனா பிரியந்தினி எண்டு ஒரு பிள்ளை ரப்பைக் கொண்டு எனக்குப் பின்னால திரியுது. இந்தப் படத்தில இருக்கிற ரீச்சர் கதைக்கமாட்டாவோ எண்டு கேக்குது. ஆராவது முதல் பக்கத்தை வாசிச்சுத் தரவேணும். நான் வாசிக்கிறது சரியில்லை சேர். நான் அவாவைக் கண்டதே இல்லை."

புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பாடம். மேலே படம். பிறந்த நாள், பிறந்த ஊர், படித்த பாடசாலை, பல்கலைக்கழகம். கடைசி வரி சாய்ந்த எழுத்தில்: கணவரிடம் இறுதியாகக் கூறியது, 'அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கோ.'

அவள் அப்படிச் சொல்லவில்லை.

செத்தவீட்டில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன தம்பி சொன்னவள்?" என்று கேட்டார். சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அவள் உண்மையில் சொன்னது அந்த இடத்தில் சொல்லக்கூடியதாக இல்லை. ஒரு வசனத்தைச் சொன்னேன். அது அச்சில் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அலுமாரியைத் திறந்தேன். லப்டொப்பை மேசையில் வைத்துச் சார்ச்சில் போட்டேன். பத்து நிமிடத்தில் உயிர் வந்தது. கடவுச்சொல் எனக்குத் தெரியும். முன்னூற்று நாற்பத்தாறு குரல்கள் வரிசையாக இருந்தன. எதையும் அழுத்தவில்லை. விசிறி சுற்றியது. சத்தமில்லை. நன்றாகத்தான் துப்புரவாக்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மாமி கிளிநொச்சியிலிருந்து வழமைபோல் போன் எடுத்தார்.

"தம்பி, பிறசர் குளிசை போட்டிட்டன். போடாமல் விட்டா பிள்ளைக்குக் குறையெல்லோ. உங்களிட்ட என்னைப் பாரப்படுத்திப்போட்டுப் போனவள்."

"ஓம் மாமி."

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் மாமி."

அவருக்கு அந்த வசனம் வேண்டும். அதை நான் அவரிடமிருந்து எடுக்கப்போவதில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வெளிக்கிட்டேன். லப்டொப் பை முதுகில் இருந்தது. திருப்பத்தில் மூன்று மாடுகள் படுத்திருந்தன. ஒன்று எழும்பிப் போகும்வரை எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றேன்.

நஸ்மியா ரீச்சர் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பழுது எண்டு சொன்னீங்கள்?"

"பழுது இல்லை."

மேசையில் ஆவி பறந்த இஞ்சி தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ரவுட்டர் மேல் தட்டில இருக்கு. தூசி. தும்மப்போறீங்கள்."

இரண்டாம் பாடம் ஆறாம் ஆண்டுக்கு நூலக நேரம். இணைத்து முடிக்கும்போது பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் வெளியே போக நினைத்தேன். வயரைப் பிடித்துக்கொண்டு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

பிரியந்தினி மெலிந்த பிள்ளை. காதுக்கு மேல் இரட்டைப் பின்னல். கடலாமையைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து ரப்பைப் பிடித்தாள்.

"குஞ்சு ஆமை மணலுக்கு மேலே வந்தது" என்று சிவதர்சினி வாசித்தாள். "ஒரு பக்கம் கடல். அலைச் சத்தம் கேட்டது. மற்றப் பக்கம் இருட்டில் இரண்டு"

நின்றது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

"இரண்டு என்ன?" என்றாள் பிரியந்தினி.

"ரப் இறுகிப்போச்சு" என்றான் கிருபன். "நீ அமத்தி அமத்திப் பழுதாக்கிப்போட்டாய்."

"போடா. நான் அமத்தவே இல்லை. ரீச்சர் நிப்பாட்டிப்போட்டா."

"ஏன் நிப்பாட்டுறா? மூச்சு முட்டிப்போச்சோ?"

பிரியந்தினி பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்து வாசித்தாள்.

"என்னடி? இரண்டு என்ன?"

"சொல்லமாட்டன். நீ எடுத்து வாசி."

"நீயெல்லோ புத்தகத்தை வச்சிருக்கிறாய்!"

ஐந்து ரப்களையும் சுற்றிப் பிள்ளைகள் குவிந்தார்கள். ஐந்து இடத்தில் சிவதர்சினி ஒரே நேரத்தில் வாசித்தாள். நிறுத்தினாள். பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. நஸ்மியா ரீச்சர் யாரையும் அதட்டவில்லை.

சிறிது நேரத்தில் பிரியந்தினி ஆமைப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சேர், இந்த ரீச்சர் இப்ப எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா?"

"விசரி, அவா செத்துப்போனா" என்றான் கிருபன். "பச்சைப் புத்தகத்தில போட்டிருக்கு. நீ படத்தை மட்டும் பாத்தனி."

"கிருபன்!" என்றார் நஸ்மியா ரீச்சர்.

"ஓம்" என்றேன். "செத்துப்போனா."

அவள் ரப்பைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அப்ப பச்சைப் புத்தகத்தை ஆர் வாசிக்கிறது?"

"நான் வாசிக்கிறன்."

"எப்ப?"

"இண்டைக்கு."

பாடசாலை விட்டதும் நஸ்மியா ரீச்சர் நூலகத்தைப் பூட்டத் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். யன்னல்களைச் சாத்தினேன். லப்டொப்புக்கு முன்னால் சிவதர்சினி வழமையாக இருந்த கதிரையில் இருந்தேன். அதிலும் ஸ்டிக்கர் இருந்தது. நினைவு மலரைத் திறந்து பதிவு செய்யத் தொடங்கினேன்.

பெயரை வாசித்தேன். பிறந்த நாள், பிறந்த ஊர், படித்த பாடசாலை, பல்கலைக்கழகம். சாய்ந்த எழுத்து வந்தது. அங்கே நிறுத்தினேன்.

அதை வாசித்தால் பிள்ளைகள் நம்புவார்கள். அவள் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சொல்லையும் அவர்களுக்கு வாசித்ததில்லை. மாமியிடம் அச்சில் இருப்பது மாமிக்கு. இவர்களுக்கு உரியது வேறு.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரியை விட்டுவிட்டு, புத்தகத்தில் இல்லாததைச் சொன்னேன். கடைசி நாள் காலை ஆறே காலுக்கு வீட்டுப் படலையடியில் ரீச்சர் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினா. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி எனக்கு ஏதோ சொன்னா. சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்ன எண்டு கேட்டன். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பவும் சொன்னா:

"லப்டொப்பை மறக்காமல் கொண்டு வாங்கோ. பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குங்கள்."