உப்புப் பூத்த சுவர்

ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிய சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. பார்த்ததும் கிளியம்மாளுக்கு உச்சந்தலையில் கொள்ளி வைத்தாற்போல ஆயிற்று. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி நடத்துகிறவள். நிலக்கடலை மூட்டையைத் தொட்டே ஈரம் எத்தனை என்று சொல்கிறவள். பதினெட்டு வருஷம் வாடகை வீட்டில் குப்பை கொட்டிவிட்டு இப்போதுதான் சொந்தமாகச் சுவர் எழுப்புகிறாள். அவளிடமே ஒருத்தன் உப்புக் கல்லைத் தள்ளிவிட்டானே!

போன் போட்டு விளாசியதில், செங்கல் கொடுத்த சூளைக்காரர் சக்கரபாணி விக்கிரவாண்டியிலிருந்து மொபெட்டிலேயே வந்து இறங்கினார்.

"வாய்யா மகராசா! கல்லைக் களிமண்ணுல அறுத்தியா, உப்பளத்துல அறுத்தியா?"

"அளந்து பேசும்மா. முப்பது வருஷமா சூளை போட்டுக்கினு வர்றேன்."

"முப்பது வருஷமா எத்தினி வீட்ட நாசம் பண்ணே?"

சக்கரபாணிக்கு மீசை துடித்தது. அடுக்கிலிருந்து இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்றது.

"சத்தத்தையா சுவத்துல பூசறது?"

அவர் அந்தக் காய்ந்த கல்லையே நீட்டினார். "நக்கிப் பாரு."

சித்தாள்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கிளியம்மாள் வீம்புக்கு நக்கினாள். வெறும் மண் ருசி. கலவையின் ஈரத்தைக் கல் உறிஞ்சிவிடக் கூடாதென்று தொட்டியில் ஊறப் போட்டிருந்த கல் ஒன்றை எடுத்து அடுத்ததாக நீட்டினார். அதையும் நக்கினாள். கடல்நீரைக் குடித்தாற்போலக் கரித்தது.

"கல்லு குடிச்சது நீ குடுத்த தண்ணிய. அத யாரு வாங்கினது?"

கிளியம்மாள் மேஸ்திரி சுப்பராயலுவின் மேல் பாய்ந்தாள். "யோவ், நீ இன்னாத்துக்கு இருக்கே?"

"மொத டேங்கர் வந்தன்னிக்கே சொன்னேங்க, மரக்காணம் பக்கத்துத் தண்ணி, கரிக்குதுன்னு. 'பாதி வெலைக்கு மடக்கிக்கினு வந்திருக்கேன், நீ வாய மூடிக்கினு கட்டு'ன்னீங்க."

சொன்னவள் அவள்தான். டேங்கர்காரனை மடக்கிய கதையை மண்டி முழுக்க அளந்தவளும் அவளேதான். திட்டுவதற்கு இனி ஆள் மிச்சமில்லை. மேஸ்திரியிடமே திரும்பினாள்.

"மேல பூசி மறச்சிடலாமா?"

"பூச்சு நிக்காதுங்க. பொரிஞ்சு பொரிஞ்சு உதிரும்."

"நான் போறேன்," என்று சக்கரபாணி மொபெட்டைத் திருப்பினார். "ஆனா எங் கல்லு மேல சொன்ன பழிய வாபஸ் வாங்கு. இல்லாட்டி அடுத்த லோடு கெடயாது."

"போய்யா!" கடப்பாரையைப் பிடுங்கிச் சுவரில் ஓங்கிப் போட்டாள். கை அதிர்ந்ததுதான் மிச்சம். இரண்டாவது போடு. பொறி பறந்தது. மூன்றாவதுக்கு வளையல் உடைந்தது. கல் ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

"நல்ல கல்லுதான்யா, போதுமா!" கத்தியதில் தெருவே திரும்பியது. "நின்னு வேடிக்க பாக்காத. ஜல்தியா வந்து இத இடிக்க ஒரு கை புடி!"